குரூப் நைனா டிபேஸ் படித்த கதை

மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் தெரிந்துகொள்வார்கள், பேரை வைத்துத் தெரிந்துகொள்வார்கள். ரத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்ட ஒரே ஆள், எனக்குத் தெரிந்து இந்த உலகத்திலேயே, கள்ளிக்குப்பம் குரூப் நைனாதான்.

தொழில், ஷாமியானா பந்தல் போடுவது. நாற்காலி, மேஜை, சமையல் பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடுவார். அம்பத்தூரிலிருந்து ஆவடி வரைக்கும் எந்த வீட்டில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் முதலில் வந்து நிற்பது அவருடைய மீன்பாடி வண்டிதான். மூங்கிலை இறக்குவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி, "இன்னா குரூப்பு நைனா?" எந்த ஆம்பிளையையும் நைனா என்றே கூப்பிட்டு, அதுவே அவர் பேராகவும் ஆகிவிட்டது.

கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கேட்பார். மாப்பிள்ளையின் தோழனைக் கேட்பார். தாலி எடுத்துக் கொடுக்கும் அய்யரையும் விடமாட்டார். சாவு வீட்டில் மட்டும் கொஞ்சம் நாகரிகம் பார்ப்பார். அழுது முடிக்கும்வரை காத்திருந்து, கண்ணைத் துடைக்கத் துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்தக் கையோடு கேட்பார்.

தெரியாது என்று சொல்லிவிட்டால் தொலைந்தது. மறுநாள் விடிந்ததும் வாசலில் நிற்பார். "வா நைனா, டெஸ்ட் எட்த்துகினு வந்துர்லாம். எறும்பு கடிச்ச மாரிதான் இருக்கும்." எல்லையில் குண்டுக்கு அஞ்சாத ஒரு முன்னாள் ராணுவத்துக்காரர், நைனா தெருமுனையில் தலைகாட்டியதும் பேக்கரிக்குள் புகுந்து ஷட்டரை இறக்கச் சொன்னதை நானே பார்த்திருக்கிறேன்.

இந்தப் பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்பதை அவரே சொல்லியிருக்கிறார். ஒருமுறை அம்பத்தூருக்குப் பக்கத்து ஊரான பாடியில் லாரி மோதி ஒருவர் அடிபட்டுக் கிடந்தார். வேடிக்கை பார்க்கப் போன நைனாவையும் யாரோ ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அங்கே ரத்தத்தைச் சோதித்தால் பி நெகட்டிவ். டாக்டர் எழுந்து வந்து கைகுலுக்கினாராம். அதுவரைக்கும் டாக்டர்கள் அவர் கையைப் பிடித்தது நாடி பார்க்க மட்டும்தான். அன்று வீட்டுக்கு வந்தவர் நடையே மாறிவிட்டது என்று அவர் மனைவி கன்னியம்மாள் சொல்வார். "எங்க ரத்தம் கடையில கெடைக்காது" என்று, ஏதோ பரம்பரைச் சொத்தைப் பற்றிச் சொல்வதுபோல நைனா சொல்லிக்கொண்டு திரிவார்.

நான் அவரைச் சந்தித்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு. பி.எஸ்ஸி. முடித்த கையோடு அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சொல்லிக் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கீழே பாத்திரக்கடை, மேலே நாங்கள். கீழே யாராவது குக்கரைத் தட்டிப் பார்த்து வாங்கினால் மேலே எங்கள் மானிட்டர் ஆடும்.

ஒரு காலை நேரம் நைனா படியேறி வந்தார். சட்டைப் பை, வேட்டி மடிப்பு, கையிலிருந்த மஞ்சள் பை எல்லாம் துண்டுச் சீட்டுகளாகப் பிதுங்கின. சிகரெட் அட்டை, பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், எல்லாவற்றிலும் பேரும் குரூப்பும்.

"இன்னா குரூப்பு டீச்சரம்மா?" என்றார்.

அரசாங்க வேலைக்கான குரூப் பரீட்சையைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். "இன்னும் எழுதலைங்க. அடுத்த வருஷம் எழுதலாம்னு இருக்கேன்" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ரத்தத்த யாராச்சும் எய்துவாங்களா?"

வந்த விஷயம் இதுதான். அவசரத்துக்கு யாராவது ஆள் கேட்டு ஓடி வந்தால், பையைத் தரையில் கொட்டிச் சீட்டுகளைப் பொறுக்குவதற்குள் பொழுது போய்விடுகிறது. கம்ப்யூட்டரில் போட்டால் பொத்தானைத் தட்டியதும் வரும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். "எனக்கு வேற ஒண்ணும் வாணாம். அந்தப் பொத்தான மட்டும் காட்டிக் குடு, நான் போய்க்கினே இருக்கேன்" என்றார்.

அந்தப் பொத்தானுக்குப் பேர் டிபேஸ் என்றும், விவரங்களைச் சேர்த்து வைத்துத் தேடித் தரும் அந்த ப்ரோக்ராமை மூன்று மாதம் படிக்க வேண்டும் என்றும் சொன்னேன். ஷாமியானாத் தொழிலைக் கன்னியம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு மறுநாளே சேர்ந்துவிட்டார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கு நடுவில் ஐம்பது வயது நைனா, காதில் செருகிய பென்சிலோடு.

அப்போதைய டிபேஸைத் திறந்தால் திரையில் ஒன்றும் இருக்காது. கருப்புத் திரை, கீழே ஓரமாக ஒரு புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில்தான் கட்டளைகளை அடிக்க வேண்டும். நைனா அந்தப் புள்ளியையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா டீச்சரம்மா, புள்ளி மட்டும் வெச்சிட்டு வுட்டுட்டான்? கோலத்த யாரு போடுவாங்க?"

"நீங்கதான் போடணும், நைனா."

"இத்த மொதல்லயே சொல்லியிருந்தா எங்க ஊட்டம்மாவ இட்டுகினு வந்திருப்பேன்ல?"

டேட்டாபேஸை உருவாக்கும்போது என்னென்ன விவரம் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இடம் வேண்டும் என்று அது கேட்கும். பேர், வயது, விலாசம், குரூப், நான்கு போதும் என்றேன். நைனாவுக்குப் போதவில்லை. ஊசிக்குப் பயமா என்று ஒரு கட்டம் வேண்டும் என்றார். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும் கட்டம் ஒன்று டிபேஸில் உண்டு. போட்டுக் கொடுத்தேன். பிறகு பார்த்தால் ஆண்கள் அத்தனை பேருக்கும் ஆம், பெண்கள் அத்தனை பேருக்கும் இல்லை. "இதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டரு? எனக்கு முன்னாடியே தெரியும்" என்றார் கன்னியம்மாள்.

சொல்லும் சாக்கை எழுதவும் ஒரு கட்டம் கேட்டார். அதில் 'நேத்துதான் ரத்தம் குடுத்தேன்னு பொய்', 'பல்லு வலி', 'மாமியா வுடமாட்டாங்க' என்று தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருந்தார். அந்தக் கட்டத்தைப் படிக்க மற்ற மாணவர்கள் வகுப்புக்குச் சீக்கிரம் வர ஆரம்பித்தார்கள்.

அவர் டைப் அடிப்பது பார்க்கத் தகுந்த காட்சி. வலதுகை ஆள்காட்டி விரல் மட்டும் வேலை செய்யும். ஒரு எழுத்தைத் தேடிக் கண்டுபிடித்து, வீட்டு அழைப்புமணியை அழுத்துவதுபோல அழுத்திவிட்டு, யாராவது கதவைத் திறக்கிறார்களா என்று திரையைப் பார்ப்பார். இப்படியே கள்ளிக்குப்பம் முழுவதையும் உள்ளே ஏற்றிவிட்டார்.

ஏற்றி முடித்த நாளில் ஒரு விபரீதம் நடந்தது. ஓ பாசிட்டிவ் ஆட்களை மட்டும் காட்டு என்று நான் கட்டளை கொடுத்தேன். ஒரு பேர்கூட வரவில்லை. நைனாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அய்யய்யோ, நேத்து வரைக்கும் தெருவுக்குப் பாதிப் பேரு ஓ பாசிட்டிவ் இருந்தாங்களே! இன்னா ஆச்சு அவங்களுக்கு?"

என்ன ஆயிற்று என்றால், ஓ என்ற ஆங்கில எழுத்துக்குப் பதிலாகப் பூஜ்யத்தைத் தட்டியிருந்தார். இரண்டும் வட்டம்தானே என்பது அவர் கட்சி. "முட்டைக்கும் ஓவுக்கும் இன்னா டீச்சரம்மா வித்தியாசம்?" ஒவ்வொரு பூஜ்யத்தையும் அழித்து ஓ போட அவருக்கு ஒரு வாரம் ஆனது. அந்த வாரம் முழுவதும் ஓ பாசிட்டிவ்காரர்களை வழியில் பார்த்தால், ஆபத்திலிருந்து மீண்டவர்களிடம் பேசுவதுபோல நலம் விசாரித்தார்.

விவரம் எல்லாம் ஒரு ஃப்ளாப்பியில் இருந்தது. அகலமான, வளைகிற பழைய ஃப்ளாப்பி. அதற்கு அவர் வைத்த பேர் கருப்பு அப்பளம். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைக் கவருக்குள் போட்டு, சட்டைக்குள் மார்போடு வைத்துக்கொள்வார். வேர்வை பட்டால் கெட்டுவிடும் என்று சொன்ன பிறகு ஒரு தட்டையான டிபன் பாக்ஸ் வாங்கினார்.

இனி மைக் செட் மாணிக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நைனா பந்தல் போட்டால் மாணிக்கம் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். ஒரே தெரு, ஒரே வயது. எல்லாவற்றுக்கும் மேலே, அந்த வட்டாரத்தில் நைனாவுக்குத் தெரிந்து இன்னொரு பி நெகட்டிவ் அவர் ஒருத்தர்தான். "கூடப் பொறந்தவனுக்கே ஓ பாசிட்டிவ். மாணிக்கந்தான் எனக்கு ரத்த சம்பந்தம்" என்று நைனா பெருமையாகச் சொல்வார்.

அந்தச் சம்பந்தம் ஒரு கல்யாண வரவேற்பில் அறுந்தது. பூந்தமல்லியில் பெரிய இடத்துக் கல்யாணம். யாரோ ஒருவர் மாணிக்கத்திடம் வந்து குழந்தையைக் காணவில்லை, அறிவிப்புச் செய்யுங்கள் என்றிருக்கிறார். மாணிக்கம் மைக்கை எடுப்பதற்குள் நைனா வாங்கிக்கொண்டார். குழந்தையின் சட்டை நிறத்தைச் சொன்னார். நிறுத்தியிருக்கலாம். எதிரே அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு ஆசை அடங்கவில்லை. "ஓ நெகட்டிவ் யாராச்சும் கீறீங்களா? கீறவங்க மாப்ள பக்கத்துல வந்து நில்லுங்க" என்றார். பெண்வீட்டார் பதறிப்போய் எழுந்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு ஏதோ வியாதி என்று பேச்சுப் பரவிவிட்டது. மாணிக்கம் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினார். நைனாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது, சத்தம் வரவில்லை. கூட்டம் சிரித்துவிட்டது.

மறுநாள் சென்டருக்கு வந்த நைனா உட்காரக்கூட இல்லை. "ஒரு ஆள ஒயிச்சிக் கட்டணும். எப்டி டீச்சரம்மா?"

டிபேஸில் டெலிட் என்று கொடுத்தால் ஆள் உடனே போய்விடுவதில்லை. பேருக்கு முன்னால் ஒரு நட்சத்திரம் விழும், அவ்வளவுதான். ஒதுக்கி வைத்தது மாதிரி. பிறகு பேக் என்று இன்னொரு கட்டளை கொடுத்தால்தான் நிரந்தரமாக அழியும். அதைச் சொன்னேன். மாணிக்கத்துக்கு நட்சத்திரம் விழுந்தது.

"இன்னா இது? தப்பு பண்ணவனுக்கு ஸ்டார் குடுக்குறான்?"

"பேக் குடுத்துடட்டுமா நைனா? மொத்தமா போயிடும்."

அவர் நின்றுகொண்டே திரையைப் பார்த்தார். "இன்னிக்கி வாணாம். வெள்ளிக்கெயமை. அப்பால பாத்துக்கலாம். ஆனா அவன் பேரு என் கண்ணுல படக்கூடாது."

நட்சத்திரம் போட்ட ஆட்களை மறைத்து வைக்கவும் வழி உண்டு. மறைத்து வைத்தேன். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை கேட்டுப் பார்ப்பேன். திங்கள்கிழமை ராகுகாலம் என்பார், புதன்கிழமை அமாவாசை என்பார். இதற்கிடையில் வாடகை நாற்காலியை உடைத்தவர், டெஸ்ட்டுக்கு வருகிறேன் என்று ஏமாற்றியவர், தன்னை ரத்தக்காட்டேரி என்று சொன்னவர் என்று பலருக்கும் நட்சத்திரம் விழுந்தது. யாரையும் அழிக்க மட்டும் நல்ல நாள் வாய்க்கவில்லை.

அந்த ஆண்டு ஆவணியில், ஒரு பகல் வேளை, கன்னியம்மாள் படியேறி ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. கையில் அந்த டிபன் பாக்ஸ்.

"டீச்சரம்மா, ஆவடியில பந்தல் மேல ஏறி கயிறு கட்டிகினு இருந்தாரு. மூங்கிலு ஒடிஞ்சி வுய்ந்துட்டாரு. காலு முறிஞ்சி, தொடையில மூங்கிலு குத்திக்கிச்சி, ரத்தமா போவுது. பெரியாஸ்பத்திரில சேத்திருக்கு. அதே குரூப்பு வேணுமாம், அங்க இல்லியாம். மயக்கம் போறதுக்கு முன்னாடி, அப்பளத்த டீச்சராண்ட குடு, அவங்க பாத்துப்பாங்கன்னு சொன்னாரு."

ஃப்ளாப்பியைப் போட்டு, பி நெகட்டிவ் யார் யார் என்று கேட்டேன். டிரைவ் கரகரவென்று சுற்றியது. ஒரே ஒரு பேர் வந்தது. நைனாவின் பேர்தான்.

கன்னியம்மாள் அந்த ஆங்கில எழுத்துகளைப் படிக்கத் தெரியாதவர். "வந்துடிச்சா? யாரு? எங்க கீறாங்க?" என்று என் தோளை உலுக்கினார். ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் ஆள் தேடி வைத்த மனிதருக்கு அந்தத் திரை அவரையே காட்டிக்கொண்டு நின்றது. அப்புறம்தான் மறைத்து வைத்தது ஞாபகம் வந்தது. மறைப்பை எடுத்துவிட்டு மறுபடி கேட்டேன். நைனாவின் பேருக்குக் கீழே, நட்சத்திரத்தோடு, மாணிக்கம்.

"மைக் செட்டா?" என்றார் கன்னியம்மாள். அதற்குள் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார். நானும் ஓடினேன்.

மாணிக்கம் வீட்டில் கேட்டோம். பாடியில் ஒரு தொழிற்சாலை வாசலில் யூனியன் கூட்டம், அதற்கு ஸ்பீக்கர் கட்டப் போயிருக்கிறார் என்றார்கள். ஆட்டோ பிடித்துப் போனோம். ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரம். வாசலில் கூட்டம் நெரிந்தது. மாணிக்கம் விளக்குக் கம்பத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கரைத் திருப்பிக்கொண்டிருந்தார். கீழே ரெக்கார்டு பாட்டு அலறியது. கன்னியம்மாள் கத்தியது அவருக்கு எட்டவே இல்லை. என்ன வேண்டும் என்று சைகையில் கேட்டுவிட்டு, கம்பியை முறுக்கத் தொடங்கிவிட்டார்.

கன்னியம்மாள் மேடையில் ஏறி, பாட்டை நிறுத்தி, மைக்கைப் பிடித்தார்.

"யோவ் மாணிக்கம்! எங்க ஊட்டுக்காரு ஆஸ்பத்திரில சாவக் கெடக்குறாரு! ஒன் ரத்தம் வேணுமாம்! எறங்குய்யா கீய!"

பாடி முழுக்கக் கேட்டிருக்கும். சாலையில் ஒரு பஸ்ஸே நின்றுவிட்டது. மாணிக்கம் கம்பத்திலிருந்து இறங்கினார் என்று சொல்ல முடியாது, சறுக்கிக்கொண்டு வந்து விழுந்தார். முழங்கையெல்லாம் சிராய்ப்பு.

அப்போது நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "யாரு, நம்ம குரூப் நைனாவுக்கா? நான் ஏ பாசிட்டிவ், வரட்டுமா?" இன்னொருவர், "நான் ஓ பாசிட்டிவ்!" பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒருவர், "பி பாசிட்டிவ் ஆவுமா அக்கா?" இவர்கள் எல்லாம் நைனாவைக் கண்டால் சந்துக்குள் ஓடியவர்கள். ஓடினாலும் ஒவ்வொருவரையும் எப்போதோ ஒருநாள் துரத்திப் பிடித்திருக்கிறார். தன் குரூப் தெரியாத ஆள் அந்த வாசலில் ஒருத்தர்கூட இருந்ததாகத் தெரியவில்லை. கன்னியம்மாளுக்கு அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

மாணிக்கம் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"எனுக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்த கெடையாது. ரத்தந்தான குடுக்கணும்? பேச வாணாம்ல?"

"வேணாங்க" என்றேன்.

"அப்ப சரி. நீ வண்டிய எடு நைனா" என்று ஆட்டோக்காரரை அவசரப்படுத்தினார். சிக்னலுக்குச் சிக்னல் அவரே தலையை வெளியே நீட்டி, மைக் இல்லாமலே வழி விடச் சொல்லிக் கத்தினார்.

மாணிக்கத்தின் ரத்தம் பொருந்திவிட்டது. நைனா பிழைத்தார். கண் விழித்ததும் முதலில் கேட்டது, "எவன் ரத்தம்?"

"மைக் செட் ரத்தம்" என்றார் கன்னியம்மாள்.

நைனா காதைத் தேய்த்துக்கொண்டார். "அதான பாத்தேன். காதுல கொய்ய்ன்னு சத்தம் கேட்டுகினே கீது."

கட்டிலுக்கு அந்தப் பக்கம் திரும்பி நின்றிருந்த மாணிக்கம், சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "கன்னிம்மா, வாய மூடிகினு கெடக்கச் சொல்லு அந்தாள. இல்லனா குடுத்தத திருப்பி எட்த்துக்குவேன்."

காலில் மாவுக்கட்டோடு நைனா மறுபடி சென்டருக்கு வந்தபோது கார்த்திகை ஆகிவிட்டது. படியேற முடியாததால் மாணிக்கம்தான் தூக்கிக்கொண்டு வந்தார். பாத்திரக்கடைக்காரர், அண்டா ஏதோ மேலே போகிறது என்று நினைத்து எட்டிப் பார்த்தாராம்.

"டீச்சரம்மா, ஸ்டார் போட்டவன திரும்ப சேத்துக்கறதுக்கு எதுனா கீதா?"

"ரீகால்னு ஒண்ணு இருக்கு, நைனா."

அந்த ஒற்றை விரலால் அவரே தட்டினார். மாணிக்கத்தின் நட்சத்திரம் மறைந்தது. மற்றவர்களையும் பார்த்தார். நாற்காலி உடைத்தவர், டெஸ்ட்டுக்கு வராதவர், காட்டேரி என்றவர். "இவனுங்கள ஒவ்வொருத்தனா தட்டிகினு இருக்கணுமா?" என்றார். மொத்தமாக அழைத்துக்கொள்ளும் கட்டளையைச் சொல்லிக் கொடுத்தேன். தட்டினார். அத்தனை நட்சத்திரமும் ஒரே நேரத்தில் போய்விட்டது.

கீழே எதிர்ப்பக்கம் டீக்கடை. என்னையும் வரச் சொன்னார்கள். பெஞ்சில் ஒருபக்கம் மாவுக்கட்டை நீட்டிக்கொண்டு நைனா, மறுபக்கம் மாணிக்கம், நடுவில் கன்னியம்மாள்.

"ஆயிரம் பேரு எதுர்ல ஒயர புடுங்கன பாரு, அது தப்புதான?" என்றார் நைனா.

"மாப்ள மானத்த வாங்குனியே, அது?"

"ஓ நெகட்டிவ் கெடைக்கறது எவ்ளோ கஷ்டம் தெர்மா ஒனக்கு?"

"ஒயருல ஷாக் அடிச்சிது, தெர்மா ஒனக்கு?"

"டீ ஆறுது" என்றார் கன்னியம்மாள், இரண்டு பேருக்கும் பொதுவாக.

மாடியில் அடுத்த வகுப்புப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "மிஸ், மிஸ்" என்று கூப்பிட்டார்கள். நான் காதில் விழாத மாதிரி கடைக்காரரிடம் இன்னொரு டீ சொல்லிவிட்டு, நைனா பக்கம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.